காந்தனின் வயிற்றுச் சூடு

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, பொருநைக் குமிழின் மூன்றாம் தளத்தில், ஒன்பது பேர் ஒரு நீள மேசையைச் சுற்றி நின்றுகொண்டு ஓர் எந்திரனுக்கு வயிறெரிவதற்காகக் காத்திருந்தார்கள்.

பொருநை செவ்வாயில் இருந்த குமிழ் நகரங்களில் ஒன்று. ஆறே இல்லாத கிரகத்தில் ஓர் ஊருக்கு ஆற்றின் பெயரை வைத்தவர்கள், தாமிரபரணிக் கரையிலிருந்து முதன்முதலில் வந்து இறங்கிய எழுநூறு குடும்பத்தார். இப்போது எண்பதாயிரம் பேர் இருந்தார்கள். அவர்கள் தேநீர் குடிக்கும் தம்ளரிலிருந்து காற்றுக்கதவின் கைப்பிடி வரை எல்லாவற்றையும் வனைவகம் என்ற ஒரே நிறுவனம்தான் வடிவமைத்துச் செய்து கொடுத்தது.

ஆரம்ப நாட்களில் வனைவகம் மக்களிடமே கருத்துக் கேட்டுப் பார்த்தது. மக்கள் எதைக் காட்டினாலும் "நல்லாருக்கு" என்று எழுதிக் கொடுத்தார்கள்; பிறகு வாங்காமல் போனார்கள். பொறியாளர்கள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். பாராட்டு பொய் சொல்லும், வயிற்றெரிச்சல் சொல்லாது. அப்படிப் பிறந்ததுதான் ஒப்புணரி என்னும் எந்திரன். எந்தப் பொருளைச் செய்யச் சொன்னாலும் அது தன் மூளைக்குள் தானும் ஒரு வடிவம் செய்து வைத்துக்கொள்ளும். தன்னுடையதைவிட மேலான ஒன்று கண்ணெதிரே வந்தால், இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் அதன் உடலில் சூடாக மாறும். அந்தச் சூட்டை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது, தமிழர்களாக இருந்த பொறியாளர்கள் வேறு இடம் எதையும் யோசிக்கவில்லை. வயிற்றில் வைத்து, மேலே சூட்டைக் காட்ட முள் வைத்த ஒரு கண்ணாடி மானியையும் பதித்தார்கள். வயிறு காந்துவதே தொழிலாக இருந்ததால் வடிவமைப்புக் குழுவினர் அதைக் காந்தன் என்று கூப்பிட்டார்கள்.

நாற்பது பாகைக்குக் கீழே என்றால் அந்த வடிவம் குப்பைக்கு. ஐம்பத்தைந்தைத் தாண்டினால் நேரே தொழிற்சாலைக்கு.

அன்று மேசையில் குழுவினர் செய்த ஒன்பது சோற்றுப்பெட்டிகள் இருந்தன. காந்தன் ஒவ்வொன்றின் முன்னும் நின்று நிதானமாக நகர்ந்தது. தில்லைநாயகியின் பெட்டிக்கு முன்னால் முள் முப்பத்திரண்டில் நின்றது. அடுத்து மெர்சி கனகமணியின் பெட்டி. முள் நடுங்கியது, ஏறியது, அறுபதைத் தொட்டது.

"பதினொண்ணாவது தடவ," என்றார் குழுத்தலைவர் கோமதிநாயகம், திருப்தியாக. எல்லாரும் கைதட்டினார்கள். தில்லைநாயகியும் தட்டினாள். மற்றவர்களைவிட ஒரு தட்டு அதிகமாகவே தட்டினாள், யாரும் எதையும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று.

தில்லையும் மெர்சியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே வயது, நாற்பது. ஒன்பது ஆண்டுகளாக மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாகவே சாப்பிட்டார்கள். மெர்சி கொண்டுவரும் மீன்குழம்பில் பாதி தில்லையின் தட்டுக்குப் போகும். அந்த மீனை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டே தில்லை மனத்துக்குள் நினைப்பாள்: இவளுக்கு மட்டும் எப்படி?

வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் அதிலிருந்து தப்பிக்க வழியில்லை. வீட்டுக் கதவைத் திறந்தால் கைக்குள் மெர்சியின் கைப்பிடி வந்து அமர்ந்தது. துணியை மாட்டினால் மெர்சியின் கொக்கி. ஈர்ப்பு குறைவான செவ்வாயில் தேநீர் துள்ளி வெளியே சிந்தாதபடி விளிம்பை உள்ளே வளைத்துச் செய்த தம்ளரும் மெர்சியுடையதுதான். தில்லையின் கணவர் பரமசிவன் நீர்நிலையத்தில் வேலை பார்த்தார். அவர் அந்தத் தம்ளரை விரல்களால் சுற்றிச் சுற்றிப் பார்த்து ஒருநாள் சொன்னார்.

"எவ்வளவு யோசிச்சிருப்பா அந்தப் பிள்ள. கையில எடுத்தா கீழ வைக்கவே மனசு வரமாட்டேங்கு."

"ஆமா," என்றாள் தில்லை. "குடிச்சுட்டுச் சீக்கிரம் குடுங்க, கழுவணும்."

அவள் செய்த பொருள் வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. கழிவுத் தண்ணீர்க் குழாயின் மூடி. அதுவும் போட்டி இல்லாத வேலை. யாரும் எடுத்துக்கொள்ளாததால் அவளிடம் வந்தது.

அந்த மாதக் கடைசியில் கோமதிநாயகம் குழுவைக் கூட்டினார். குமிழின் சுவரில் சின்ன விரிசல் விட்டாலும் சங்கு ஊதும். சங்கு ஊதினால் எல்லாரும் மூச்சுக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் போட்டுவிடுவார்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பதற்றத்தில் வாரைத் தேடித் திணறினார்கள். போன ஒத்திகையில் இரண்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இருபது வினாடி ஆனது. பிள்ளைகளுக்கென்று புதிய கவசம் வேண்டும். எது தேர்வாகிறதோ அதைத்தான் பொருநையின் பதினோராயிரம் பிள்ளைகளும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவார்கள்.

தில்லை மூன்று மாதம் வேறு நினைப்பில்லாமல் உழைத்தாள். பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளின் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயந்த பிள்ளை எதையும் தேடாது, கையில் அகப்பட்டதை இழுக்கும் என்று கண்டுகொண்டாள். ஆகவே வார், கொக்கி, பொத்தான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். முன்பக்கம் பின்பக்கம் என்ற வேறுபாட்டையும் எடுத்தாள். எப்படிப் பிடித்தாலும் சரிதான். தொப்பிபோலத் தலைவழியே இழுத்துவிட்டால் போதும், அதுவே முகத்தைக் கவ்விக்கொள்ளும். செய்து முடித்து மேசையில் வைத்தபோது அது கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. ஆனால் தன் ஆயுளில் இதைவிட நல்ல வேலையைத் தான் செய்ததில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

தேர்வு நாளன்று மெர்சியின் கவசத்தின் மேல் இருந்த துணியை விலக்கினார்கள். மயில்நீல நிறம். காதுப் பக்கத்தில் மீனின் செவுள்போல இரண்டு மடிப்புகள், மூச்சு விடும்போது அவை மெல்ல விரிந்து சுருங்கின. தில்லைக்கு நெஞ்சுக்குழியில் யாரோ கங்கு ஒன்றைப் போட்டது போலிருந்தது.

சட்டிக்கு முன்னால் முள் முப்பத்தொன்று. செவுளுக்கு முன்னால் அறுபத்தாறு.

"பன்னெண்டு," என்றார் கோமதிநாயகம்.

அன்று மத்தியானம் தில்லை வயிற்றுவலி என்று சொல்லிச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. தன் இருக்கையில் உட்கார்ந்து நிறுவனத்தின் தணிக்கைப் பிரிவுக்கு ஒரு புகார் எழுதினாள். ஒப்புணரி ஒருவருக்கே சாதகமாக நடக்கிறது, பன்னிரண்டு முறை ஒருவரே வெல்வது இயல்பாகத் தெரியவில்லை, யாரோ அதற்குள் கைவைத்திருக்க வேண்டும் என்று எழுதினாள். மெர்சியின் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. புகார் தருபவர் பெயரை வெளியிடக் கூடாது என்ற கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

இரண்டு நாளில் சேதி பரவியது. சாப்பாட்டு மேசையில் மெர்சி குழம்பைத் திறக்கவே இல்லை.

"எம்மேல யாரோ புகார் குடுத்திருக்காவ ட்டி," என்றாள். "காந்தனுக்குள்ள நான் கைய வச்சேனாம். எனக்கு அதோட மூடி எங்க இருக்குன்னுகூடத் தெரியாது."

"வேலையத்தவங்க," என்றாள் தில்லை. "நீ கண்டுக்காத."

"யாரா இருக்கும்?"

"எனக்கெப்படித் தெரியும்? சாப்புடு."

மெர்சி குழம்பைத் திறந்து, தன் பங்கு மீனையும் எடுத்து அவள் தட்டில் வைத்தாள். தில்லை அதைத் தின்றாள்.

எந்திரனைச் சோதிக்க வைகைக் குமிழிலிருந்து இஸ்மாயில் என்ற தொழில்நுட்பர் வந்தார். ஐம்பது வயது, கறாரான மனிதர். நான்கு நாள் காந்தனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் காலையில் குழு முழுவதையும் வரச் சொன்னார்.

"யாரும் இதுல கைவைக்கல," என்று ஆரம்பித்தார். மெர்சி கண்ணை மூடித் திறந்தாள். "ஆனா ஒரு விஷயம் இருக்கு. சொந்தமா வடிவம் செஞ்சு பார்க்கிற கூறு இதுக்குள்ள இருக்கே, அது வந்த ரெண்டாம் மாசமே செத்துப்போச்சு. ஒன்பது வருஷமா இது எந்தப் பொருளையும் எதோடயும் ஒப்பிட்டதே இல்ல."

"அப்பம் சூடாச்சே?" என்றார் கோமதிநாயகம்.

"அதையே கேளுங்க."

கோமதிநாயகம் எந்திரனின் பக்கம் திரும்பினார். "காந்தா, நீ எதப் பாத்துச் சூடாவே?"

காந்தன் எப்போதும்போல எழுத்துத் தமிழில் பேசியது. "சூடாக வேண்டியது என் கடமை. எதைக் கண்டு சூடாவது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆகவே அறையில் இருப்பவர்களின் முகங்களைப் பார்க்கத் தொடங்கினேன். தொடக்கத்தில் ஒன்பது முகங்களையும் பார்த்தேன். பிறகு ஒன்றே போதுமானதாக இருந்தது. தில்லைநாயகி அவர்களின் முகம்."

எல்லா முகங்களும் தில்லையின் பக்கம் திரும்பின.

"அவர் ஒரு பொருளைப் பார்க்கும்போது கண்ணின் கீழ்த்தசை இறுகும். தாடை ஒருபக்கமாக நகரும். எவ்வளவு இறுகுகிறதோ அந்த அளவுக்கு நான் சூடாகிறேன். ஒன்பது ஆண்டுகளில் அவருடைய முகம் ஒருமுறையும் தவறியதில்லை. அவர் எதைக் கண்டு வெந்தாரோ, அதைப் பொருநை முழுவதும் வாங்கியது."

இஸ்மாயில் குறிப்பைப் புரட்டினார். "போன வருஷம் இவங்க பத்து நாள் லீவு எடுத்திருக்காங்க. அந்தப் புதன்கிழமை இது எதுக்குமே சூடாகல. பேட்டரி கோளாறுன்னு எழுதி வச்சிருக்கீங்க."

தில்லைக்கு உடம்பெல்லாம் கூசியது. அத்தனை பேருக்கு நடுவில் ஆடையை உருவிவிட்டது போல நின்றாள். ஆனாலும் ஒரு கேள்வி அவளை மீறி வெளியே வந்தது.

"என் பொருள் முன்னால நின்னப்ப?"

"உங்கள் பொருளைக் கண்டு நீங்கள் பொறாமைப்படுவதில்லை," என்றது காந்தன். "ஆகவே அது நல்லதா இல்லையா என்று எனக்குத் தெரிய வழியில்லை."

பன்னிரண்டு முறையும் மெர்சியைத் தூக்கி வைத்தது தன் கண்தான். இதைப் புரிந்துகொள்ள அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபின் அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

மத்தியானம் மெர்சி அவளைத் தேடி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"புகார் குடுத்தது நீதான," என்றாள். கோபமாகக் கேட்கவில்லை.

தில்லை ஆமென்று தலையை ஆட்டினாள்.

"இவ்வளவு வருஷமும் அந்த எந்திரத்தத்தான் ஜெயிக்கேன்னு நெனச்சிட்டு இருந்தேன்," என்றாள் மெர்சி. "ஒரு விஷயம் சொல்லுதேன், கேட்டுக்கோ. அன்னைக்கு ஒன் சட்டியப் பாத்தம்லா, எனக்குத்தான் வயிறு எரிஞ்சிது. இவ வாரையே எடுத்துட்டா, முன்பக்கம் பின்பக்கத்தயும் எடுத்துட்டா, இது எனக்குத் தோணலியேன்னு. வீட்டுக்குப் போயி அன்னைக்கு நான் சோறு திங்கல. ஆனா எம்மூஞ்சிய எந்த எந்திரமும் பாக்கல ட்டி."

"நெசமாவா?"

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது?"

ஒன்பது ஆண்டுகளில் யாரும் சொல்லாத சொல் அது. தில்லை அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க ஆசைப்பட்டாள். கூச்சமாக இருந்ததால் கேட்கவில்லை.

மறுநாள் மெர்சி யாரிடமும் சொல்லாமல் இரண்டு கவசங்களையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். காந்தன் இருந்ததால் வனைவகத்தில் பல ஆண்டுகளாக எதையும் உபயோகிப்பவர் கையில் கொடுத்துச் சோதிக்கும் வழக்கமே இல்லாமல் போயிருந்தது. இரண்டாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள். முதலில் இரண்டையும் மேசையில் வைத்து எது வேண்டும் என்று கேட்டாள். முப்பது பேரும் மயில்நீலத்துக்குத்தான் பாய்ந்தார்கள். இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். பிறகு சங்கை ஊதச் சொன்னாள். மயில்நீலத்தைப் போட்டுக்கொள்ளச் சராசரியாகப் பதினொரு வினாடி ஆனது. நான்கு பிள்ளைகள் தலைகீழாகப் போட்டு மூச்சு முட்டித் திணறினார்கள். சட்டிக்கு ஐந்து வினாடி. யாரும் தப்பாகப் போடவில்லை. போட முடியாது.

அடுத்த கூட்டத்தில் மெர்சி எழுந்து இந்தக் கணக்கைப் படித்தாள். "என்னோடது பாக்கதுக்குத்தான் நல்லாருக்கு," என்று முடித்தாள். "பிள்ளைகளுக்குத் தில்லையோடதக் குடுங்க."

கோமதிநாயகம் தயங்கினார். ஒன்பது ஆண்டு விற்பனை காந்தன் பக்கம் இருந்தது. ஆனால் தலைகீழாகப் போட்ட நான்கு பிள்ளைகளில் ஒருத்தி அவருடைய தங்கை மகள். கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதத்தில் பதினோராயிரம் பிள்ளைகளின் இடுப்பிலும் அந்தச் சட்டி தொங்கியது. முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அதைத் தலையில் கவிழ்த்து ஒருவரையொருவர் முட்டி விளையாடக் கற்றுக்கொண்டார்கள். பங்குனியில் வடக்குச் சுவரில் நிஜமாகவே ஒரு விரிசல் விட்டது. சங்கு ஊதியபோது அந்தப் பக்கத்துப் பள்ளியில் அறுநூறு பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்த பரமசிவன் வாசலிலேயே நின்று மனைவியைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எங்க நீர்நிலையத்துல எல்லாரும் ஒன் பேரத்தான் சொல்லுதாங்க," என்றார். மெர்சியின் தம்ளரில் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள் தில்லை. அது அழகான தம்ளர் என்று அன்று அவளுக்கும் தோன்றியது.

தொல்லை அங்கேதான் தொடங்கியது.

காந்தனின் செத்த கூறுக்கு மாற்று கிடைக்கவில்லை. அதைச் செய்தவர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். ஆகவே நிர்வாகம் அதை அப்படியே விட்டுவைத்து, தில்லையைப் புதன்கிழமைகளில் முன்வரிசையில் நிற்கச் சொல்லியிருந்தது. அவளும் வெளிப்படையாகவே நின்றாள், கொஞ்சம் பெருமையாகக்கூட. ஆனால் விரிசலுக்கு அடுத்த புதன்கிழமை புதிய விளக்குகளின் முன்னால் காந்தன் நடந்தபோது, முள் இருபத்தெட்டைவிட்டு அசையவில்லை. மெர்சி செய்திருந்த விளக்கைப் பார்த்துத் தில்லை, "ரொம்ப அழகா இருக்கு ட்டி," என்றாள். மனத்திலிருந்து வந்த சொல். அதற்கடுத்த வாரம் நாற்காலிகள். இருபத்தேழு. அதற்கடுத்த வாரம் குளியல் வாளிகள். இருபத்தேழு.

தொழிற்சாலையில் இயந்திரங்கள் சும்மா நின்றன. எதைச் செய்வது என்று சொல்ல ஆளில்லை. மேலிடத்திலிருந்து கோமதிநாயகத்துக்கு ஒரு நாளில் மூன்று அழைப்புகள் வந்தன. இஸ்மாயிலை மறுபடியும் வரவழைத்தார்கள். இந்த முறை அவர் எந்திரனின் மூடியைத் திறக்கவே இல்லை. தில்லையுடன் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஒரே வரியில் அறிக்கை எழுதிக் கொடுத்துப் போனார்: கோளாறு எந்திரத்தில் இல்லை, அம்மையார் நிம்மதியாக இருக்கிறார்.

மறு புதன்கிழமை காலை ஒன்பதரைக்குக் கோமதிநாயகம் தில்லையைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். நிறுவனத்தின் முத்திரை வைத்த கடிதம். தனக்குப் பதவி உயர்வு என்று நினைத்து அவள் ஆவலாகப் பிரித்தாள்.

"ஒப்புணரியின் சீரான இயக்கத்துக்குத் தாங்கள் ஆற்றிவரும் இன்றியமையாத பணியைப் பெரிதும் போற்றி, திருமதி மெர்சி கனகமணி அவர்கள் தலைமை வடிவமைப்பாளராக உயர்த்தப்படுகிறார்கள். பிள்ளைகளின் மூச்சுக்கவசம் இனி 'மெர்சி கவசம்' என வழங்கப்படும்."

இரண்டு முறை படித்தாள். பெயர் மாறி விழுந்திருக்கும் என்று நினைத்தாள்.

"பிழை இல்லம்மா," என்றார் கோமதிநாயகம், மேசையைப் பார்த்தபடி. "மெர்சி வேண்டாம்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தா. மேலிடத்துல கேக்கல. நீங்க நிம்மதியா இருந்தா ஊருல ஒரு வாளி செய்ய முடியல, பாத்தீங்கள்லா. எங்க தாத்தா பூமியில ஒரு ஆபீஸ்ல இருந்தாரு. அங்கயும் இப்படித்தானாம். இவனத் தூக்கி விட்டாத்தான் அவன் ஓடுவான்னு கணக்குப் போட்டுத்தான் நடத்துவாங்களாம். வயித்துல மானி மட்டும்தான் கெடையாதாம்."

தில்லைக்கு எல்லாம் தெளிவாகவே புரிந்தது. எதற்காகச் செய்கிறார்கள், யாரை உத்தேசித்துச் செய்கிறார்கள், இதில் மெர்சியின் தவறு ஒன்றுமில்லை என்பதுவரை புரிந்தது. ஒரு மனுஷி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தபடி வெளியே போய்விடலாம். அவளும் அப்படிச் செய்யத்தான் நினைத்தாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து, கதவு வரைக்கும் போய்விட்டாள். அங்கே நின்றாள்.

"தலைமை வடிவமைப்பாளருக்குத் தனி அறைதான?"

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

"மேற்க. மலை தெரியும்."

"சன்னல் எத்தன?"

"ரெண்டு," என்றார் கோமதிநாயகம்.

தில்லையின் கண்ணுக்குக் கீழே ஒரு தசை இறுகியது. தாடை மெல்ல ஒருபக்கமாக நகர்ந்தது. அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், காலி மேசையின் முன்னால் நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காந்தனின் வயிற்றில் முள் நடுங்கியது. நாற்பதைத் தாண்டியது. ஐம்பத்தைந்தைத் தாண்டியது. எழுபத்தொன்றில் போய் நின்றது.

கோமதிநாயகம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வீட்டில் நெடுநாள் படுத்துக் கிடந்தவருக்குக் காய்ச்சல் விட்டதைக் கண்டவர்போல மூச்சுவிட்டு, மாதிரிகளை மேசையில் அடுக்கும்படி ஆட்களிடம் சொன்னார்.